ஏர்பேக் இல்லாத சிட்டி காரை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்

செகண்ட் ஹேண்டில் கார் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

போன மார்ச்சில் கோவையில் ஒரு பழைய கார் கடையில் 2012 மாடல் ஹோண்டா சிட்டி வாங்கினேன். மூன்று லட்சத்து இருபதாயிரம். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சத்தமே தெரியாது. டிக்கி 506 லிட்டர். அம்மாவின் சக்கர நாற்காலியை மடித்து வைத்த பிறகும் இரண்டு பெட்டிக்கு இடம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் முன்னால் இரண்டு ஏர்பேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக். ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். அவ்வளவு பழைய வண்டியில் இரண்டும் இருக்கிறதே என்றுதான் இதை எடுத்தேன். “அடிபடாத வண்டிங்கண்ணா” என்றார் கடைக்காரர். ‘ஏர்பேக் ரெண்டும் ஓகே’ என்று வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்.

இரண்டு மாதத்தில் ஹாரன் தகராறு செய்தது. ஓரத்தில் அழுத்தினால் அடிக்கும், நடுவில் அழுத்தினால் அடிக்காது. மெக்கானிக் ஸ்டியரிங்கின் நடுமூடியைக் கழற்றப் பார்த்தார். அது பசை போட்டு ஒட்டியிருந்தது. பெயர்த்தால் உள்ளே காலி.

“ஏனுங்க தம்பி, இதுல ஏர்பேக்கே இல்லீங்களே!”

இடது பக்க டாஷ்போர்டையும் பார்த்தோம். ஏர்பேக் விரிந்து கிழிந்த இடத்தைப் பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். மீட்டரைப் பிரித்தபோது, ஏர்பேக்கில் கோளாறு என்றால் எரியும் எஸ்ஆர்எஸ் விளக்குக்குப் பின்னால், நகத்தளவு கறுப்பு இன்சுலேஷன் டேப். எச்சரிக்கை விளக்கு கண்ணில் படாமல் இருக்க அந்த ஒரு துண்டு டேப் போதுமாக இருந்திருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் என் மனைவி இடது சீட்டில் உட்கார்ந்து ஊட்டி வரை போய்வந்தாள். இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

சாவியைத் திருப்பியதும் எஸ்ஆர்எஸ் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அந்த வண்டி வேண்டாம். எரிந்து அணைந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ரெசிஸ்டர் என்ற சின்ன மின் உதிரியை மாட்டி, ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட்டையே ஏமாற்ற முடியும். ஸ்டியரிங் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், கோளாறுகளைக் காட்டும் ஸ்கேனர் போடுங்கள். முன் சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். விபத்தில் இறுகிய பெல்ட் சரியாக உள்ளே போகாது. அப்புறம் பதிவு எண்ணைக் கொடுத்து ஷோரூமில் சர்வீஸ் ரெக்கார்டு கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது இதைத்தான்.

ஏர்பேக் உள்ளே இருந்தாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக்குக்காக 2012-ல் தயாரான சிட்டி உள்ளிட்ட பல கார்களை ஹோண்டா 2017-ல் திரும்ப அழைத்தது. அந்த ஏர்பேக்கை விரியவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற ரசாயனம் பல வருட வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டுப்போய், விரியும்போது உலோக உறையையே சிதறடிக்கும். அந்தத் துண்டுகள் முகத்தில்தான் வந்து பாயும். உங்கள் வண்டிக்கு மாற்றிவிட்டார்களா என்று சேசிஸ் எண்ணை ஹோண்டா தளத்தில் போட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் இலவசம்தான்.

கடைக்குப் போனேன். “பார்த்துத்தானே வாங்கினீங்க” என்றார் அதே மனிதர். இரண்டு ஏர்பேக், கன்ட்ரோல் யூனிட், பெல்ட் எல்லாம் புதிதாகப் போட ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் கூப்பிட்டுப் புகார் சொன்னேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் கொடுத்துவிட்டேன். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பிரின்ட் எடுத்து இணைத்திருக்கிறேன். வண்டி ஷெட்டில் நிற்கிறது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இப்போதைக்கு ஆட்டோதான்.