லாக்புக்கா, எக்ஸெல்லா, மெஷின்லயே சென்சாரா? சிஎன்சி ஷாப்ல எத நம்புறது

மெஷின் எவ்ளோ நேரம் ஓடுச்சு, ஏன் நின்னுச்சுன்னு குறிச்சு வெக்க மூணு வழி. கோயம்புத்தூர் கணபதி பக்கம் ஒரு சின்ன சிஎன்சி ஷாப்ல (கம்ப்யூட்டர் கன்ட்ரோல் மெஷின்ல உலோகம் வெட்டற பட்டறை) வேல பாத்தப்போ இந்த மூணையும் பாத்துட்டேன், அதான் எழுதறேன்.

லாக்புக்க ஆபரேட்டர் ஷிப்ட் முடியறப்போ மொத்தமா உக்காந்து எழுதுவாரு, அதனால மெஷின் நின்ன நேரமெல்லாம் 10, 15, 30 நிமிஷம்னு ரவுண்டாத்தான் இருக்கும், 7 நிமிஷம்னு எழுதின ஆளை நான் பாத்ததே இல்ல. ஆனா ஓரத்துல "மெட்டீரியல் ஹார்டு, இன்சர்ட் சீக்கிரம் போகுது"ன்னு கிறுக்கியிருப்பாங்க பாருங்க (இன்சர்ட்னா வெட்டற டூலோட முனைல மாட்டற சின்னத் துண்டு), அது தங்கம்.

எக்ஸெல்னா அதே லாக்புக்க அடுத்த நாள் வேற ஒருத்தர் டைப் பண்றது, அவ்ளோதான். அந்த ஓரக் கிறுக்கலுக்கு அங்க தனிக் கட்டமே கிடையாது. 12-3ன்னு பார்ட் நம்பர் அடிச்சா அத தேதியாக்கிடும் (இந்தத் தொல்ல தாங்காம 2020ல மனுஷ ஜீன் சிலதுக்குப் பேரையே மாத்திட்டாங்க, நாம எம்மாத்திரம்). மாசக் கணக்குக்கு ஓகே.

மெஷின்லேர்ந்தே எடுக்கறது தனி கத. புது ஃபனுக் கன்ட்ரோல்னா (ஃபனுக் கம்பெனியோட, மெஷின ஓட்டற கம்ப்யூட்டர்) ஈதர்நெட் வயர் போட்டு சைக்கிள் டைம் (ஒரு பார்ட் முடிய ஆகற நேரம்), அலாரம் எல்லாம் இழுக்கலாம், பழைய மெஷின்ல கரன்ட் சென்சார் மாட்டினா ஓடுதா நிக்குதான்னு மட்டும் தெரியும். எங்களுக்குக் கண்ணத் தொறந்தது ஃபீட் ஓவர்ரைடு தான் (வெட்டறப்போ டூல் நகர்ற வேகத்த சதவீதத்துல கூட்டிக் குறைக்கறது), 100ல இருக்க வேண்டியத 70ல வெச்சு ஓட்டிருக்காங்க, லாக்புக்ல அது "ஃபுல் ரன்னிங்". திட்டப் போனா ஆபரேட்டர் அண்ணன் சொல்றாரு, "100ல வெச்சா இன்சர்ட் ஒடையுது தம்பி, எழுதித்தான வெச்சிருக்கேன்". எடுத்துப் பாத்தா ஓரத்துல இருக்கு!

அதாவது எவ்ளோ நேரம்னு மெஷின் கரெக்டா சொல்லும், ஏன்னு அதுக்குத் தெரியாது. காரணத்துக்குன்னு ஒரு டேப்லெட் வெச்சோம், 25 காரணம் லிஸ்ட்ல, ஆயில் கையோட யாரு தேடுவா, எல்லாரும் "மற்றவை"ய அமுக்கிட்டுப் போயிட்டாங்க. 6ஆ குறைச்சப்புறம்தான் உருப்படியா வந்துச்சு.

ஓஇஇ (மெஷின் நேரத்த எவ்ளோ உருப்படியா பயன்படுத்தினோம்னு சொல்ற சதவீதம்) கணக்கும் அப்படித்தான். பிரேக் போக 450 நிமிஷத்துல 360 ஓடுச்சு, 80%. ஒரு ஜாப் (பார்ட்) 3 நிமிஷம், அந்த 360ல 120 வரணும், 108 ஜாப் வந்துச்சு, 90%. அதுல 105 நல்லது, சுமார் 97%. மூணையும் பெருக்கினா 70%. ஆனா செட்டிங் டைம (அடுத்த ஜாப்புக்கு மெஷின தயார் பண்ற நேரம்) "பிளான்டு ஸ்டாப்"னு, அதாவது திட்டம் போட்டு நிறுத்தினதுன்னு, 450லேர்ந்து கழிச்சுட்டா நம்பர் தானா ஏறும், மெஷின் ஒரு ஜாப்கூட அதிகமா போட்டிருக்காது. மொதலாளி நம்பர் குறைஞ்சா கத்துவாருன்னா எல்லாரும் இதத்தான் பண்ணுவாங்க, நானும் பண்ணிருக்கேன்.

என்னக் கேட்டா எல்லா மெஷினுக்கும் சென்சார் வேணாம். எந்த மெஷின் முன்னாடி ஜாப் குவிஞ்சு கெடக்கோ அதுக்கு மட்டும் மாட்டுங்க, லாக்புக்கத் தூக்கிப் போடாதீங்க. எக்ஸெல்லுக்கு டைப் பண்ற தம்பிகிட்ட அந்த ஓரக் குறிப்புக்கும் ஒரு தனிக் கட்டம் போடச் சொல்லுங்க, எங்க ஷாப்ல அதச் செய்யவே ரெண்டு வருஷம் ஆச்சு.