பாத்ரூம் சீரமைப்பு என்று ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் போனது: ஆப்பில் கம்பெனி பிடிப்பவர்கள் படித்துவிட்டு முடிவெடுங்கள்

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். நேற்றுதான் புது டைல்ஸை மறுபடி உடைத்துப் பார்த்தோம். உள்ளே கிடந்ததைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கம்பெனி பெயரை இங்கே போடவில்லை, வழக்குப் போடப் போகிறேன். குழாய் ரிப்பேர், ஃபேன் மாட்டுவது என்று ஆப் மூலம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்த கம்பெனி அது. இப்போது பாத்ரூம், சமையலறை முழுச் சீரமைப்பும் செய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள்.

மடிப்பாக்கத்தில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் ஃப்ளாட், இரண்டாவது மாடி, பழைய கட்டடம். பாத்ரூமிலிருந்து கீழ் வீட்டு சீலிங்கில் தண்ணீர் கசிந்து ஓதம் அடித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு மூட்டு வலி, இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடிவதில்லை. வெஸ்டர்ன் டாய்லெட், வழுக்காத டைல்ஸ், பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடிக் கம்பி, கசிவை நிரந்தரமாக நிறுத்துவது, இவ்வளவுதான் வேலை. ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று நினைத்தோம். தெரிந்த மேஸ்திரி ஊருக்குப் போயிருந்தார்.

பார்வையிட வந்த சூப்பர்வைசர் பையனை என்னால் மறக்க முடியாது. வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்தான். லேசர் கருவியால் அளவெடுத்தான், சுவரில் ஈரம் பார்க்கும் மீட்டரை வைத்துக் காட்டினான். அப்புறம் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, "அப்பா, மெதுவா எழுந்திருங்க, கை தானா எங்க போகுதுன்னு பாக்குறேன்" என்றான். அப்பா எழுந்தார். அவர் கை சுவரில் பட்ட இடத்தை அளந்து போனில் குறித்துக்கொண்டான். "கம்பி கரெக்டா இந்த உயரத்துல வரும்மா, நீங்க கவலையே படாதீங்க" என்று அம்மாவிடம் சொன்னான். அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். எந்தக் கம்பெனி ஆள் வந்து இப்படிப் பார்ப்பான் என்றுதான் எனக்கும் தோன்றியது.

மறுநாள் கொட்டேஷன் வந்தது. எல்லாம் சேர்த்து, 18 சதவீத ஜிஎஸ்டி உட்பட, ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம். ஒவ்வொரு வேலையும் வரிவரியாக இருந்தது. பழைய தளத்தை முழுக்க எடுப்பது, மூலைகளில் கலவை வைத்து வளைத்துப் பூசுவது, தண்ணீர் இறங்காமல் தடுக்கும் ரசாயனப் பூச்சு இரண்டு கோட், கசிகிறதா என்று 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதனை, பத்து வருட வாரண்டி. மார்க்கெட் விலையைவிட அதிகம்தான். ஆனால் வாரண்டிக்காகக் கொடுக்கலாம் என்று அப்பா தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அது அவர் ஓய்வுபெற்றபோது வந்த பணம்.

அந்தச் சூப்பர்வைசரை அதற்கப்புறம் நாங்கள் பார்க்கவே இல்லை. வேலைக்கு வந்தவர்கள் கம்பெனி ஆட்களே கிடையாது. ஒரு மேஸ்திரி, ஒரு பிளம்பர், இரண்டு சித்தாள். கொட்டேஷனை அவர்கள் கண்ணில்கூடப் பார்த்ததில்லை. "எங்களுக்கு இந்த வேலைக்கு மொத்தமா நாப்பதாயிரம் பேசினாங்க மேடம், அதுல முடிக்கணும்" என்று மேஸ்திரியே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பொருள் மட்டும் கம்பெனி அனுப்புமாம். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்தில் வேலை செய்கிறவன் கைக்குப் போவது அவ்வளவுதான். அந்த மேஸ்திரி மேல் எனக்குக் கோபம் இல்லை.

பணமும் வேலையோடு சேர்ந்து நகரவில்லை, அதற்கு முன்னாலேயே ஓடியது. அடுத்த கட்டத்துக்குப் பணம் கட்டாவிட்டால் ஆள் வரமாட்டார்கள், ஆப்பே நிறுத்திவிடும் என்றார்கள். பாத்ரூமை உடைத்துப் போட்டுவிட்டு, வயதானவர்களை வீட்டில் வைத்துக்கொண்டு யாரால் காத்திருக்க முடியும்? டைல்ஸ் ஒட்டுவதற்குள் முழுப் பணமும் வாங்கிவிட்டார்கள். தினமும் சாயங்காலம் அம்மா போனுக்கு ஒரு ஓடிபி வரும். "ஓடிபி சொல்லுங்கம்மா, அப்பத்தான் எங்களுக்குக் கூலி ஏறும்" என்பார்கள். பாவம் என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி நாள் ஓடிபிக்கு அர்த்தமே வேறு. வேலை முழுக்க முடிந்தது, வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று அதில் பதிவாகிவிட்டது. அம்மாவுக்கு வந்த மெசேஜில் அப்படி ஒரு வார்த்தை இல்லை.

தண்ணீர் தேக்கிச் சோதனை நடக்கவே இல்லை. பூச்சு காய்ந்த மறுநாள் காலையிலேயே அதன் மேல் தளத்துப் பள்ளத்தை நிரப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா கேட்டதற்கு, ராத்திரியே பார்த்தாச்சு என்றிருக்கிறார்கள். நான் ஆபீசிலிருந்து போன் போட்டுக் கேட்டதும் வாட்ஸாப்பில் தண்ணீர் தேங்கி நிற்கிற போட்டோ அனுப்பினார்கள். அந்தப் போட்டோவில் ஜன்னல் வலது பக்கம் இருக்கிறது. எங்கள் பாத்ரூமில் ஜன்னல் கதவுக்கு நேர் எதிரே. யாரோ ஒருத்தர் வீட்டுப் பாத்ரூமை எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதைச் சுட்டிக்காட்டியதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சில வாரங்களிலேயே கீழ் வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டினார். சீலிங்கில் பழைய கறைக்குப் பக்கத்தில் பெயிண்ட் குமிழ் குமிழாக உப்பியிருந்தது. அதே வாரம் அம்மா சுவரைத் துடைக்கும்போது கைப்பிடிக் கம்பி திருகோடு கழன்று கையில் வந்துவிட்டது. வெறும் பிளாஸ்டிக் பிளக்கில் மாட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அளந்த உயரத்தைவிட அரை அடி மேலே வேறு. அப்பா அதைப் பிடித்து எழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. "டிக்கெட் ரைஸ் பண்ணியாச்சு மேடம், 48 மணி நேரத்துல கால் வரும்." வராது. மறுபடி அடித்தால் வேறு ஒரு பெண், முதலிலிருந்து கதையைக் கேட்பார். "சம்பந்தப்பட்ட டீமுக்கு அனுப்பியிருக்கோம்." கடைசியில் ஒருத்தர் சொன்னார்: "ஓடிபி கொடுத்து நீங்களே வேலையை க்ளோஸ் பண்ணியிருக்கீங்களே." இன்னொருத்தர் வாரண்டியை விளக்கினார். பூச்சு ரசாயனத்துக்குத்தான் வாரண்டியாம், வேலைக்கு இல்லையாம். வேலை செய்தது "பார்ட்னர்", கம்பெனி வெறும் இடைத்தரகராம். வீட்டுக்கு வந்து அப்பாவை உட்காரவைத்து அளவெடுத்தது யார்? பணம் யார் கணக்குக்குப் போனது? ஜிஎஸ்டி பில் கேட்டேன், பணம் கட்டிய ரசீதைத் திரும்ப அனுப்பினார்கள். அதில் ஜிஎஸ்டி எண்ணே கிடையாது.

நேற்று ஊரிலிருந்து திரும்பிய எங்கள் மேஸ்திரி வந்து டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். பாதி இடத்தில் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். பழைய ஃப்ளாட்டுகளில் பாத்ரூம் தளத்தை இறக்கிக் கட்டியிருப்பார்கள், சங்கன் என்பார்கள். அந்தப் பள்ளத்தை நல்ல பொருள் போட்டு இறுக்கி நிரப்ப வேண்டும். பெயர்த்துப் பார்த்தால், உடைத்த பழைய டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, பாக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் உள்ளேயே போட்டு மூடியிருக்கிறார்கள். குப்பையை வெளியே எடுத்துப் போக எங்களிடம் தனியாகக் காசு வாங்கியது இதற்குத்தானா? பூச்சு தரையோடு நின்றுவிட்டது, சுவரில் ஒரு சாண்கூட ஏறவில்லை. தரைத் தண்ணீர் வடியும் நானி டிராப்போடு சேரும் பைப் ஜாயின்ட்டில் பசையே இல்லை, கையால் இழுத்தால் வந்துவிட்டது. குளிக்கிற தண்ணீர் நேராக அந்தக் குப்பையில்தான் இறங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து செய்ய வேண்டும் என்கிறார். ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் போனது போனதுதான். இனி செலவு வேறு, கீழ் வீட்டு சீலிங்குக்குப் பெயிண்ட் வேறு.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் பதிவு செய்துவிட்டேன். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி இந்த மாதிரி ஆப் கம்பெனிகள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்கவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஜன்னல் மாறியிருக்கிற அந்தப் போட்டோவைத்தான் முதல் ஆதாரமாக வைக்கப் போகிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத உட்கார்ந்தேன், இப்போது மனசு அதில் நிற்கவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் தேக்கிச் சோதனையை உங்கள் கண்ணால் பார்க்காமல் தளம் நிரப்ப விடாதீர்கள். கீழ் வீட்டுக்காரரையும் அந்த இரண்டு நாள் சீலிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசித் தவணையைப் பெரிதாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒத்துக்கொள்ளாத கம்பெனி வேண்டாம். முன்பணம் கொடுக்கும் முன்பே ஜிஎஸ்டி எண் கேளுங்கள், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 15 இலக்கக் குறியீடு, ஜிஎஸ்டி தளத்திலேயே சரிபார்க்கலாம். வாரண்டி பொருளுக்கா வேலைக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். ஓடிபியை வீட்டுப் பெரியவர்கள் போனுக்கு வரவிடாதீர்கள்.

இதே மாதிரி அடுத்தவர் வீட்டுப் போட்டோ வந்தவர்கள் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே வழக்குப் போடலாம்.