எர்ப்பின் துப்பாக்கியா, ஊர் பேர் தெரியாத துணை ஷெரிஃபின் துப்பாக்கியா?

போன வருடம் என் முன்னால் இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. இரண்டும் கோல்ட் கம்பெனியின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. (தங்கம் இல்லை, சாமுவேல் கோல்ட்டின் கோல்ட். நான் துப்பாக்கி சேகரிப்பதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கோல்ட் வாங்கியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.) ஒன்று அமெரிக்க மேற்கின் பேர்போன சட்டக் காவலர் வயாட் எர்ப் வைத்திருந்தது என்று சொல்லி விலைக்கு வந்தது, 38,000 டாலர். மற்றது அரிசோனாவில் ஒரு மாவட்டத்தில் துணை ஷெரிஃபாக இருந்தவருடையது, 7,500 டாலர். அந்த ஊரைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. பேரன் பேத்திகள் இருக்கிறார்கள் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். நான் வாங்கியது துணை ஷெரிஃபுடையதை.

பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டுமே தேய்ந்தவை, இரண்டிலும் நிக்கல் பூச்சு போய்விட்டது, இரண்டிலும் விசை வேலை செய்கிறது. இரண்டும் 1898-க்கு முன் செய்தவை என்பதால் அமெரிக்க மத்திய சட்டத்தில் பழம்பொருள் கணக்கு, வாங்குவதற்குக் காகித வேலை குறைவு. பெயரைக் கழித்துவிட்டு இரும்பை மட்டும் பார்த்தால் ஒவ்வொன்றும் நாலாயிரம் டாலர் தேறும். ஆக, ஒன்றில் பெயருக்கு 34,000, இன்னொன்றில் 3,500. நான் யோசித்ததெல்லாம் இந்தத் தொகைகளைப் பற்றித்தான்.

எர்ப் துப்பாக்கியோடு வந்தது ஒரு பிரமாணப் பத்திரம். 1968-ல் நோட்டரி முன்னால் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்: “இது எர்ப் என் தாத்தாவுக்குக் கொடுத்தது என்று என் அப்பா சொல்வார்.” எர்ப் 1929 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். அவர் இறந்து 39 வருடம் கழித்து, மூன்றாம் தலைமுறை, கேள்விப்பட்டதை எழுதிய தாள் இது. துப்பாக்கியில் பதித்திருக்கும் வரிசை எண் அதில் இல்லை. “ஒரு கோல்ட் ரிவால்வர்” என்று மட்டும் இருக்கிறது. எழுதியவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் சொன்ன துப்பாக்கி வேறு எங்கோ இருக்கலாம், இந்தத் தாள் மட்டும் கைமாறிக் கைமாறி இதன் பெட்டிக்குள் வந்திருக்கலாம். அந்தக் காலத்தில் கோல்ட் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய ரகம் இது.

வியாபாரியின் மேஜையில் வைத்து நகைக்கடை லென்ஸால் பார்த்தேன். கைப்பிடியின் முதுகுப் பட்டையில் W.E. என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்துகள் வெட்டியிருந்தார்கள். பட்டை முழுக்கத் துருக்குழிகள். பழைய எழுத்து என்றால் துரு எழுத்தின் ஓரத்தையும் தின்றிருக்க வேண்டும். இங்கே எழுத்தின் கோடு குழிக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறி, கூர்மை குறையாமல் போகிறது. துரு முதலில், எழுத்து பிறகு. வியாபாரியிடம் சொன்னேன். “பின்னாளில் யாராவது ஞாபகத்துக்காக வெட்டியிருப்பார்கள்” என்றார். சரி, இருக்கலாம். அதற்கு நான் ஏன் 34,000 கொடுக்க வேண்டும்?

லென்ஸ் அதற்கு மேல் உதவாது. ஒரு துப்பாக்கி இன்னாருடையதாக இருக்க முடியாது என்று இரும்பு பல சமயம் காட்டிவிடும். இன்னாருடையதுதான் என்று அனேகமாகக் காட்டாது. அமெரிக்கப் படையும் பூர்வகுடிகளும் 1876-ல் மோதிய லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1984-ல் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்த தோட்டாக் கூடுகளில், சுடும்போது துப்பாக்கியின் ஊசி குத்திய தடத்தை, இன்றும் பிழைத்திருக்கும் துப்பாக்கிகளோடு ஒப்பிட்டுப் பொருத்தம் கண்டார்கள். நான் அறிந்த வரை இரும்பு சொன்ன சாட்சியங்களில் அதுதான் பெரிது. அதுவும்கூட துப்பாக்கி அந்தக் களத்தில் சுட்டது என்று சொல்லும், யார் கையில் இருந்து என்று சொல்லாது.

அடுத்து எல்லோரும் நம்பும் கோல்ட் லெட்டர். வரிசை எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால், கம்பெனியின் ஆவணக் காப்பகம் பழைய பேரேட்டைப் பார்த்து, எந்தத் தேதியில், எந்தத் தோட்டா அளவில் (.44, .45 என்கிற மாதிரி), என்ன பூச்சோடு, யாருக்கு அனுப்பினோம் என்று கடிதம் தரும். அந்தக் கால மேற்கின் பிரபல ஷெரிஃப் பேட் மாஸ்டர்சன் மாதிரி ஆள் என்றால் இது போதும்; 1885-ல் டாட்ஜ் சிட்டி சலூன் ஒன்றின் கடிதத்தாளில் கம்பெனிக்கே எழுதி, விசை இலகுவாக இருக்க வேண்டும், குழல் முனையில் இருக்கும் குறி கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அவர். (அதே மாஸ்டர்சன் பிற்காலத்தில் அடகுக்கடையில் பழைய துப்பாக்கி வாங்கி, பிடியில் கொன்ற ஆளுக்கு ஒன்று என்பது போல வெட்டுக்குறி போட்டு, ஆசைப்பட்டவர்களிடம் தள்ளிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு.) மற்றவர்களுக்கு லெட்டர் செயின்ட் லூயிஸ் இரும்புக்கடையிலோ நியூயார்க் மொத்த வியாபாரியிடமோ நின்றுவிடும். எர்ப் துப்பாக்கியின் லெட்டரும் நியூயார்க்கோடு நின்றது.

அப்புறம் எதைத்தான் நம்புவது? என் கணக்கு இது: தாளில் வரிசை எண் இருக்க வேண்டும், அந்தப் பெயருக்குச் சந்தையில் விலை வருவதற்கு முன்னால் எழுதியதாக இருக்க வேண்டும். முடிந்தால், வேறு ஏதோ வேலைக்காக எழுதியதாக இருக்க வேண்டும். விலை வந்த பிறகு எழுதிய எதையும், குடும்பத்தார் எழுதினாலும், பாதி மதிப்பில்தான் எடுத்துக்கொள்வேன். கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் அம்மா மகனின் கல்லறைக் கூழாங்கற்களை வந்தவர்களிடம் 25 சென்ட்டுக்கு விற்றார், தீரத் தீர ஓடையிலிருந்து அள்ளிப் போட்டார் என்பார்கள். பெற்ற தாய்!

இதற்கு நேர்மாறு ஷெரிஃப் பேட் கரெட்டின் துப்பாக்கி. 1881 ஜூலை 14 இரவு ஃபோர்ட் சம்னரில் பில்லி த கிட் என்ற பேர்போன கொள்ளையனைச் சுட்ட அதே கோல்ட், வரிசை எண் 55093. 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதைச் செய்தது 1880-ல். கரெட் கடையில் வாங்கியதும் இல்லை, பில்லி வில்சன் என்ற கொள்ளையனைப் பிடித்தபோது அவனிடமிருந்து எடுத்தது. அதனால் தொழிற்சாலைப் பேரேடு கரெட்டின் பெயரைச் சொல்லவே முடியாது. துப்பாக்கி எல் பாஸோவில் டாம் பவர்ஸ் என்ற சலூன்காரரிடம் இருந்தது. அவர் இறந்த பிறகு கரெட்டின் மனைவி அபோலினாரியா வழக்குப் போட்டு 1934-ல் அதைத் திரும்பப் பெற்றார். ஒரு துப்பாக்கிக்காக இரு தரப்பு நீதிமன்றத்தில் மோதிக்கொண்டதைவிட நல்ல அத்தாட்சி உண்டா? எதிர்த்தரப்பே “இது அந்தத் துப்பாக்கி இல்லை” என்று சொல்லவில்லை, “எங்களுடையது” என்றுதான் சண்டை போட்டது.

துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன வைல்ட் பில் ஹிக்காக் 1876-ல் டெட்வுட்டில் கொல்லப்பட்டபோது வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி ரிவால்வரும் அதே பான்ஹாம்ஸுக்கு 2013-ல் வந்தது. அது ஊர்க் குடும்பம் ஒன்றின் வழியே வந்த கதையோடு வந்தது. கேட்பு 2,20,000 டாலரில் நின்றுவிட, விற்கவில்லை. நான் விற்கப்போகும் நாளில் என் எதிரே உட்காரப்போகிறவர் இதையெல்லாம் படித்திருப்பார்.

துணை ஷெரிஃபின் துப்பாக்கிக்கு இருந்தது, அவர் இறந்தபின் 1912-ல் நீதிமன்றத்துக்காக எடுத்த சொத்துப் பட்டியல். குதிரை இரண்டு, சேணம் ஒன்று, அடுப்பு ஒன்று, “கோல்ட் பிஸ்டல், .44”, பக்கத்தில் ஐந்து இலக்க எண். எழுதியவருக்கு அடுப்பும் துப்பாக்கியும் ஒன்றுதான்; யாரையும் நம்பவைக்கும் அவசியம் அவருக்கு இல்லை. நகலை நம்பாமல் அந்த ஊர் நீதிமன்றத்துக்கு நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் மூலத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு சிக்கல். மூன்றாவது இலக்கத்தின் மேல் மை பரவியிருந்தது. 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம். கையில் இருந்த துப்பாக்கியில் 3.

வேறு வழியில்லாமல் இரண்டு எண்ணுக்கும் லெட்டர் வாங்கினேன். 8 உள்ள எண் .45 அளவில், நீளக் குழலோடு போன துப்பாக்கி. 3 உள்ளது .44. பட்டியலில் எழுதியிருந்ததும் .44. உடலின் அடியிலும், விசை வளையத்திலும், முதுகுப் பட்டையிலும் மூன்று இடத்திலும் ஒரே எண்தான். அன்று மாலையே பணம் அனுப்பினேன்.

இது நூற்றுக்கு நூறு என்று சொல்லமாட்டேன். பட்டியல் எடுத்த எழுத்தர் அளவைத் தப்பாக எழுதியிருந்தால் என் கணக்கு சரிந்துவிடும். அது தவிர, நான் கோல்ட்டைத் தாண்டி எதையும் வாங்கியதில்லை. வின்செஸ்டர் ரைஃபிள் என்றால் வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் பழைய பேரேடுகள் இருக்கின்றன, அதை நாடலாம். திப்பு சுல்தானின் சக்கிமுக்கித் துப்பாக்கிகளை (கல் உரசிய பொறியில் சுடுபவை) வைத்திருப்பவர்கள் என் வழியைப் பார்த்துச் சிரிப்பார்கள். அங்கே தொழிற்சாலைப் பேரேடு ஏது? புலிவரியும், திப்பு தானே தொடங்கிய மௌலூதி ஆண்டுக் கணக்கும், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொல்லனின் பெயரும் இரும்பிலேயே பதிந்திருக்கும். அங்கே இரும்பு நிறையவே பேசும்.

எர்ப் துப்பாக்கி இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறது. போன மாதம் வியாபாரி கூப்பிட்டார். விலையை 29,000-க்கு இறக்கியிருக்கிறாராம். கூடவே இன்னொரு பிரமாணப் பத்திரமும் கிடைத்திருக்கிறதாம்.