வேன் எஞ்சினில் டைமிங் செயினும் ஸ்ப்ராக்கெட்டுகளும் மாற்றியபின்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து ஓட்டும் டைமிங் செயின் எஞ்சின் உள்ளவரை உழைக்கும், டைமிங் பெல்ட்டைப் போல இடையில் மாற்ற வேண்டியதில்லை என்ற நம்பிக்கை வேன் வைத்திருப்பவர்கள் பலரிடம் உண்டு. சுமை ஏற்றிக்கொண்டு, நின்று நின்று ஓடும் டீசல் வேனுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. செயின், அது ஓடும் பற்சக்கரங்களான ஸ்ப்ராக்கெட்டுகள், அதை வழிநடத்தும் கைடுகள், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் என முழு செட்டையும் மாற்றி ஓராண்டுக்கும் மேலாக ஓட்டிய பிறகு இதை எழுதுகிறேன்.

காலையில் செல்ஃப் எடுத்ததும் எஞ்சினின் முன்பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் எழுந்து, சில நொடிகளில் அடங்கிவிடும். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் வடிந்துவிடுவதால், அழுத்தம் ஏறும்வரை தொய்ந்த செயின் கைடுகளின் மேல் அடித்துக்கொள்கிறது. நாளடைவில் சத்தம் அடங்குவதற்கு ஆகும் நேரம் கூடியது. பின்னர் எஞ்சின் விளக்கு எரிய, ஸ்கேனரில் பி0016 என்ற குறியீடு வந்தது. கிராங்க் ஷாஃப்ட்டும் கேம் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய நிலையில் இல்லை என்பது அதன் பொருள். சென்சார் பழுதானாலும் இதே குறியீடு வரும் என்றாலும், சத்தமும் சேர்ந்து வரும்போது சென்சாரை மட்டும் மாற்றிப் பார்ப்பது வீண் செலவு.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே தவிர, இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. கண்ணிகளை இணைக்கும் பின்கள் சுழலும் இடம் தேய்கிறது. ஒரு கண்ணிக்கு 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால்கூட 100 கண்ணிகளில் அது 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். டீசல் எஞ்சினில் ஆயிலோடு கலக்கும் கரித்துகள் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது. கழற்றிய செயினையும் புதியதையும் மேசைமேல் ஒரு முனை பொருந்துமாறு நீட்டி வைத்தபோது, மறுமுனையில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

ஸ்ப்ராக்கெட்டுகள் நன்றாகத்தான் இருக்கின்றன, செயினை மட்டும் மாற்றினால் போதும் என்ற யோசனை எனக்கும் சொல்லப்பட்டது. கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைத் துடைத்து, பல்லின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்ததும் அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று: ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் பளபளவென்று குழிந்து, நுனி கொக்கிபோல் சாய்ந்திருந்தது. கேம் ஒரு சுற்று சுற்றக் கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும் என்பதால் கிராங்கின் ஸ்ப்ராக்கெட் சிறியது. குறைந்த பற்கள் அடிக்கடி செயினைச் சந்திப்பதால் முதலில் தேய்வதும் அதுதான். நீண்ட செயினுக்கேற்பத் தேய்ந்த பற்களின்மேல் புதுச் செயினைப் போட்டால், அதுவும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பை இறக்கிப் பார்த்ததும் அவசியமான வேலையே. பிளாஸ்டிக் கைடு ஒன்றின் விளிம்பு உடைந்து, அதன் கருப்புச் சில்லுகள் பம்ப்பின் வடிகட்டி வலையில் ஒட்டியிருந்தன. அவை அங்கேயே கிடந்திருந்தால் ஆயில் அழுத்தம் குறைந்து, புது டென்ஷனரும் பழையபடி தொய்ந்திருக்கும்.

இந்த வேலைக்கு ஆகும் உழைப்பு எஞ்சினைப் பொறுத்தது. மெர்சிடிஸ் ஸ்பிரிண்டரில் வந்த ஓஎம்651 எஞ்சினில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பதால் வேலை மிகப் பெரியது. என் வண்டியில் முன்பக்கம் இருந்தது ஒரு நிம்மதி. கேம், கிராங்க் இரண்டையும் லாக்கிங் பின் போட்டு நிறுத்தி, டீசல் பம்ப்பும் அதே செயினில் ஓடுவதால் அதன் குறியையும் சரிபார்த்து, ஒருமுறை முறுக்கியதும் இழுபட்டுவிடும் போல்ட்டுகளுக்குப் பதில் புதியவற்றை முதலில் குறிப்பிட்ட டார்க் (முறுக்கு விசை) அளவுக்கும் பிறகு குறிப்பிட்ட கோணத்துக்கும் முறுக்கினார்கள். ஸ்டார்ட் செய்யுமுன் கிராங்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, பின்கள் மறுபடி தடையின்றி நுழைகின்றனவா என்று பார்த்ததே என் பார்வையில் முழு வேலையிலும் முக்கியமான கட்டம். ஒரு சில பற்கள் தாண்டியிருந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதிவிடும், பிறகு சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

காலைச் சத்தம் அன்றோடு நின்றது, இன்றுவரை திரும்பவில்லை. ஐட்லிங் சீராகி, குறைந்த வேகத்தில் ஏற்றம் ஏறும்போது இழுவை தெளிவாகக் கூடியது. மைலேஜில் சொல்லிக்கொள்ளும் மாற்றம் எதுவும் இல்லை. அதை எதிர்பார்த்து யாரும் இந்தச் செலவில் இறங்க வேண்டாம். ஆயிலைக் கையேடு சொல்லும் தூரத்துக்கு முன்பே மாற்றுகிறேன், வண்டி நிற்கும்போது ஆயிலை வடியவிடாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டரையே போடுகிறேன். குறை என்று சொன்னால், முன் கவரின் கீழ்மூலையில் சீலன்ட் சரியாகப் பிடிக்காமல் ஆயில் இலேசாகக் கசிகிறது. சொட்டும் அளவுக்கு இல்லாததால், அடுத்தமுறை சம்ப்பை இறக்கும்போது அதைச் சரிசெய்துகொள்ள வைத்திருக்கிறேன்.