சாப்டருக்கு சாப்டர் தனி ரெஃபரன்ஸ் லிஸ்ட்: பிப்லேடெக் ரிவ்யூ

லேடெக்ல (கமாண்ட் எழுதி பிடிஎஃப் எடுக்கற டைப்செட்டிங் சாஃப்ட்வேர்) எழுதற தீசிஸ்ல ஒவ்வொரு சாப்டர் கடைசியிலயும் அந்த சாப்டரோட ரெஃபரன்ஸ் மட்டும் வரணும்னு கைடு சொல்லிட்டாரு. நான் முதல்ல எடுத்தது சாப்டர்பிப்ங்கற பேக்கேஜ், அதாவது லேடெக்கோட ஒரு ஆட்-ஆன். வேலை செய்யுது, குறை சொல்ல முடியாது, ஆனா ஒவ்வொரு சாப்டரும் தனி ஃபைலா இருக்கணும், அதை இன்க்ளூட் கமாண்ட்ல தான் கூப்பிடணும், இன்புட் போட்டா ஆகாது, அதுக்கப்புறம் ஒவ்வொரு சாப்டர் ஆக்ஸ் ஃபைலுக்கும் (லேடெக் தானா உருவாக்கற துணை ஃபைல்) தனித்தனியா பிப்டெக் (ரெஃபரன்ஸ் லிஸ்ட்டை தயார் பண்ற புரோகிராம்) ஓட்டணும். எனக்கு ஆறு சாப்டர். ராத்திரி ஒரு பேப்பரை சேர்த்துட்டு அந்த சாப்டருக்கு மட்டும் ஓட்ட மறந்தா காலைல பிடிஎஃப்ல கேள்விக்குறி நிக்கும். பிப்யூனிட்ஸ்ங்கற இன்னொரு பேக்கேஜ்ல இன்க்ளூட் கட்டாயம் இல்ல, ஆனா அங்கயும் யூனிட்டுக்கு ஒரு தடவை பிப்டெக் ஓட்டியே ஆகணும்.

அப்புறம் தான் ரெஃபரன்ஸுக்கான இன்னொரு பேக்கேஜான பிப்லேடெக்குக்கு மாறினேன், இதை முன்னாடியே பண்ணிருக்கணும். பேக்கேஜ் ஆப்ஷன்ல ரெஃப்செக்ஷன் ஈக்வல் டு சாப்டர்னு ஒரு வார்த்தை, ஒவ்வொரு சாப்டர் முடிவுலயும் பிரின்ட்பிப்ளியோகிராஃபி, அவ்ளோ தான். பைபரை (பிப்டெக்குக்கு பதிலா பிப்லேடெக்கோட ஓட்டற புரோகிராம்) ஒரே ஒரு தடவை ஓட்டினா ஆறு லிஸ்ட்டும் வந்துடுது. ஒரே பேப்பரை ரெண்டாவது சாப்டர்லயும் அஞ்சாவதுலயும் சைட் பண்ணா ரெண்டு லிஸ்ட்லயும் வருது, நம்பரும் சாப்டருக்கு சாப்டர் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்குது. ஹெட்டிங்கை சப்பிப்ளியோகிராஃபின்னு குடுங்க, இல்லன்னா புக், ரிப்போர்ட் கிளாஸ்ல லிஸ்ட் தலைப்பு புது சாப்டர் மாதிரி தனிப் பக்கத்துல போய் உக்காந்துக்கும். பொருளடக்கத்துலயும் வரணும்னா சப்பிப்இன்டாக்.

நம்பர் புத்தகம் முழுக்க தொடர்ச்சியா போகணும், கடைசில ஒரு மொத்த லிஸ்ட்டும் வேணும்னா ரெஃப்செக்ஷனுக்கு பதிலா ரெஃப்செக்மென்ட் எடுங்க. அதுல பிரின்ட் பண்றப்போ எந்த செக்மென்ட்னு ஃபில்டர் குடுக்கணும், குடுக்கலன்னா எல்லா சாப்டரோடதும் ஒண்ணா வந்து விழும். இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாம ஒரு முழு சனிக்கிழமை போச்சு எனக்கு.

குறைன்னா, பைபர் வெர்ஷனும் பிப்லேடெக் வெர்ஷனும் பொருந்தணும், ஒண்ணை மட்டும் அப்டேட் பண்ணா எரர் அடிக்கும். எடிட்டர்லயும் பிப்டெக்னு இருக்கறதை பைபர்னு மாத்திடுங்க, மாத்தலன்னா சைட்டேஷன் இருக்கற இடத்துல கீ (அந்த பேப்பருக்கு நாம வச்ச குறிப்பெயர்) மட்டும் போல்டா நிக்கும். ஜர்னலுக்கு அனுப்பற பேப்பர்னா முதல்ல அவங்க டெம்ப்ளேட்டை பாருங்க, நிறைய இடத்துல இன்னும் பிப்டெக் தான் கேக்கறாங்க. தீசிஸுக்கு அஞ்சுக்கு நாலரை தாராளமா குடுப்பேன்.