பழைய பாய்லரை மாற்றலாமா? ஒரு ஹாரோ வீட்டு அனுபவம்

லண்டனில் பழைய வீடு வாங்கிய எவரும் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் கேஸில் சூடாக்கும் பாய்லரை மாற்றுவதா, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டுவதா? நாங்கள் ஹாரோவில் 1930களில் கட்டிய ஒரு செமி டிடாச்ட் (பக்கத்து வீட்டோடு ஒரு சுவர் ஒட்டிய) வீட்டை 2012இல் வாங்கினோம். சமையலறை மூலையில் இருந்த பாய்லர் 1996ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அதை 2021 வரை ஓட்டினோம், அப்புறம் மாற்றினோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேஸ் பில் குறையும் என்பதற்காக மட்டும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பாய்லரைக் கழற்றாதீர்கள். கழற்றுவதற்கு வேறு காரணங்கள் தானாக வரும். வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

பழைய பாய்லர் ரொம்ப எளிமையான சாதனம். உள்ளே தீயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் கனத்த வார்ப்பிரும்பு ஹீட் எக்ஸ்சேஞ்சர். பாய்லரைப் பற்றவைப்பதற்காக இரவு பகலாக எரியும் சின்னப் பைலட் சுடர். ஃபேன் இல்லை, சர்க்யூட் போர்டு இல்லை. பரண்மேல் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி, மாடியில் துணி உலர்த்தும் அலமாரிக்குள் 120 லிட்டர் வெந்நீர் பிடிக்கும் செப்புச் சிலிண்டர். பற்றும்போது 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். முதல் குளிர்காலத்தில் அந்தச் சத்தத்துக்கே குழந்தை எழுந்துவிடுவாள், பிறகு பழகிவிட்டது.

அது நின்றுபோனால் பெரும்பாலும் காரணம் தெர்மோகப்பிள். தீக்குச்சி கனத்தில் ஒரு உலோக முனை, பைலட் சுடரில் நனைந்தபடி இருக்கும். சூடானால் அதில் சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகும். அந்தச் சொற்ப மின்சாரம்தான் கேஸ் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. சுடர் அணைந்தால் மின்சாரம் நிற்கும், வால்வு மூடிக்கொள்ளும். வீட்டு மின் இணைப்பையே நம்பாத நேர்த்தியான பாதுகாப்பு ஏற்பாடு. முனை கருகித் தேய்ந்துவிட்டால் குமிழை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தாலும், கையை எடுத்ததும் சுடர் அணைந்துவிடும். பாகத்தின் விலை இருபது பவுண்டுக்குள்தான். ஆனால் நாமே கை வைக்கக் கூடாது. கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பதிவேடான 'கேஸ் சேஃப்'பில் பதிவுள்ளவர்தான் தொடவேண்டும். 2009 ஏப்ரலில் பழைய கார்கி பதிவுக்குப் பதிலாக வந்த ஏற்பாடு இது. வருகிறவரின் அட்டையை வாங்கிப் பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும்.

எங்களுக்கு வருடா வருடம் சர்வீஸ் செய்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். முதல் முறை மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உதை ஏன் அண்ணா மாத்துறியள்? வார்ப்பிரும்பு. பார்ட்ஸ் கிடைக்கும் மட்டும் ஓடட்டும்" என்றார். புதிதாகப் பொருத்தினால் அவருக்குத்தான் வருமானம், ஆனாலும் அப்படிச் சொன்னார்.

இதற்கு நேர் எதிராக இன்னொருவர். பாய்லருக்கு மாதச் சந்தா காப்பீடு எடுத்திருந்தோம். அந்த நிறுவனம் 'உங்கள் பாய்லர் காலாவதியாகிவிட்டது' என்று கடிதம் மேல் கடிதம் அனுப்பி, கடைசியில் ஒரு விற்பனையாளரையும் அனுப்பிவைத்தது. அவர் முன்னறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கவில்லை. பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒன்றைக்கூட அளக்கவில்லை. 30 கிலோவாட் காம்பி பாய்லர், வெந்நீரைச் சேமிக்கவே வேண்டாம், சிலிண்டரைத் தூக்கிவிடலாம், இன்றே கையெழுத்திட்டால் தள்ளுபடி. ஆண்டுக்கு முந்நூறு பவுண்டு மிச்சம் என்றும் சேர்த்துக்கொண்டார். அவர் போனதும் மனைவி, "முந்நூறு எங்கேருந்துங்க வரும்? நம்ம பில்லே அறுநூறுதானே" என்றாள்.

சரி, கணக்கையே போட்டுவிடலாம். எங்கள் வீட்டுக்கு அப்போது ஆண்டுக்குச் சுமார் 15,000 யூனிட் கேஸ் செலவானது. யூனிட் என்றால் கிலோவாட் மணி. பழைய பாய்லரின் திறன் 78 சதவீதம் என்று வைத்தால், வீட்டுக்குள் வந்து சேரும் வெப்பம் 11,700 யூனிட். அதே வெப்பத்தை 90 சதவீதத் திறனுள்ள புது பாய்லர் 13,000 யூனிட்டில் தரும். மிச்சம் 2,000 யூனிட். யூனிட் 4 பென்ஸ் விற்ற காலத்தில் இது 80 பவுண்டு. 2,800 பவுண்டு கொடுத்து மாற்றினால் போட்ட பணம் திரும்ப 35 வருடம். புது பாய்லரின் ஆயுளோ பத்துப் பதினைந்து வருடம்தான். 2022 அக்டோபரில் அரசு விலை உத்தரவாதம் கொண்டுவந்தபோது கேஸ் யூனிட்டுக்குச் சுமார் 10.3 பென்ஸ். அந்த உச்ச விலையில் பார்த்தாலும் ஆண்டு மிச்சம் 206 பவுண்டு, பணம் திரும்பப் பதின்மூன்று வருடத்துக்கு மேல். உங்கள் பில்லில் உள்ள எண்களை இதே முறையில் போட்டுப் பாருங்கள், விற்பனையாளர் எண்களை அல்ல.

ஆக, நாங்கள் மாற்றவில்லை. சந்தாவை நிறுத்தினோம். அந்தக் காசில் ரேடியேட்டர்களுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு, பரணில் தடிமனான காப்புப் பஞ்சு, பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று செலவழித்தோம். பஞ்சு போட்ட பிறகு மாடியறைகளில் வந்த வித்தியாசம் எந்தப் பாய்லரும் தந்திருக்காது.

மாற்ற வேண்டிய காரணம் 2021 கோடையில் வந்தது. சர்வீஸுக்காக மூடியைக் கழற்றியபோது ஹீட் எக்ஸ்சேஞ்சர் இணைப்பில் நீர் கசிந்து, அடித்தகடு துருப்பிடித்து விரல் அழுத்தினால் உள்ளே போனது. சுடரின் நுனியில் நீலத்தோடு மஞ்சள் கலந்திருந்தது. சீல் வைத்த உறை ஓட்டையானால் எரிந்த புகை வீட்டுக்குள்ளேயே வரலாம். கேஸ் வால்வும் தயாரிப்பில் இல்லை, பழசாகக் கழற்றி விற்பதுதான் கிடைக்கும். சர்வீஸ் செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி இந்த முறை யோசிக்கவே இல்லை. கேஸை அடைத்து, அபாய எச்சரிக்கைச் சீட்டை ஒட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நாங்களும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆகஸ்ட் மாதம் என்பதால் அவசரமும் இல்லை. சிலிண்டரில் இருந்த மின்சார இம்மெர்ஷன் ஹீட்டரில் குளித்துக்கொண்டு நிதானமாக விலை கேட்டோம். டிசம்பரில் பாய்லர் போனவர்களிடம் கேட்டால் தெரியும், குளிரில் நடுங்கிக்கொண்டு பேரம் பேச முடியாது.

வந்த மதிப்பீடுகள் 2,400 முதல் 3,900 பவுண்டு வரை. இங்கே யோசிக்க வேண்டியது காம்பியா, சிலிண்டரா என்பதுதான். காம்பி பாய்லர் குழாயைத் திறக்கும்போதே தண்ணீரைச் சூடாக்கித் தரும். 30 கிலோவாட் காம்பி என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 12 லிட்டர். ஒரு ஷவருக்குத் தாராளம். ஆனால் காலை ஏழரைக்கு மேலே ஒருவர் குளிக்க, கீழே ஒருவர் பாத்திரம் கழுவினால் இருவருக்கும் வெதுவெதுப்புதான். தலைக்குக் குளிக்காமல் கிளம்பாத எங்கள் குடும்பத்துக்கு அது ஒத்துவராது. தவிர, காம்பிக்குச் சமையலறை வரை கேஸ் குழாயை 22 மில்லிமீட்டராக மாற்ற வேண்டும். பரண் தொட்டியை எடுத்துவிட்டு மொத்தக் குழாய்களையும் அழுத்தத்தில் வைத்தால், இத்தனை வருடம் அடங்கியிருந்த பழைய ரேடியேட்டர் எங்கே ஒழுகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் இருக்கும் ஃபிளாட்டுக்குக் காம்பியே சரி, இடமும் மிச்சம். நாங்கள் சிலிண்டரை வைத்துக்கொண்டு, 15 கிலோவாட் சாதாரணப் பாய்லரைப் பொருத்தினோம். பழையது, அந்தக் கால வெப்ப அளவில், மணிக்கு அறுபதாயிரம் பி.டி.யு., அதாவது சுமார் 17.6 கிலோவாட். அதுவே பெரிதாகத்தான் இருந்தது.

இங்கிலாந்தில் 2005 ஏப்ரலிலிருந்து புதிதாகப் பொருத்தும் கேஸ் பாய்லர் அநேகமாக எல்லாமே கண்டென்சிங் வகைதான். புகையில் போகும் நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்வதால்தான் இதற்கு அந்தக் கூடுதல் திறன். ஆனால் ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நன்றாக நடக்கும். பொருத்துகிறவர்கள் பாய்லரிலிருந்து வெளியே போகும் தண்ணீரின் சூட்டை வழக்கம்போல 75, 80 என்று வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பெட்டியில் அச்சிட்ட திறனுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பழைய பாய்லர் மாதிரியே ஓட்டுவதற்கு இது வழி. நான் 65க்கு இறக்கினேன். சிலிண்டர் இருப்பதால் அதற்குக் கீழே போகவில்லை. நோய்க்கிருமி வளராமலிருக்கச் சேமித்த வெந்நீர் 60 டிகிரியைத் தொட வேண்டும். காம்பி வைத்திருப்பவர்கள் ரேடியேட்டருக்கு மட்டும் இன்னும் குறைக்கலாம்.

குறைத்தால் ரேடியேட்டர் முன்போலச் சுடாது, அதிக நேரம் ஓடும். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா காலையில் ரேடியேட்டரைத் தொட்டுவிட்டு, "புது மிஷின்னு சொன்னே, இது சுடவே இல்லையேடா" என்றார். அறையின் தெர்மோமீட்டர் 20 காட்டியது. பதிலுக்கு அவர் ஸ்வெட்டரைத்தான் காட்டினார்.

முதல் பெரிய தொல்லை 2022 டிசம்பர் நடுவில், லண்டனில் பனி கொட்டிய வாரத்தில் வந்தது. கண்டென்சிங் பாய்லரில் அமிலத்தன்மை கொண்ட நீர் சொட்டுச் சொட்டாக வெளியேறும், அது பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போக வேண்டும். எங்களுக்குப் பொருத்திய நிறுவனம் வெளிச்சுவரில் மெல்லிய குழாயை உறைகூடப் போடாமல் ஓட்டியிருந்தது. உள்ளே உறைந்துவிட்டது. விடியற்காலையில் பாய்லருக்குள் 'களகள' என்று சத்தம், அப்புறம் பிழைக் குறியீடு, வீடு சில்லென்றானது. வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளை குவளையாக வெளிக்குழாய் மேல் ஊற்றி, பனிக்கட்டி இளகிய பிறகு ரீசெட் செய்தோம். கொதிநீர் ஊற்றக் கூடாது, குழாய் வெடிக்கலாம். பிறகு நம் தம்பியைக் கூப்பிட்டு வெளிப்பகுதியை 32 மில்லிமீட்டராக மாற்றி, உறையும் போட்டோம். மதிப்பீடு வாங்கும்போதே இந்தக் குழாய் எந்தச் சுவரில், எவ்வளவு நீளம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஃபேன் போனது, வாரண்டியில் இலவசமாக மாற்றினார்கள். பழைய பாய்லரில் போவதற்கு ஃபேனே கிடையாது! மற்றபடி அமைதியாக ஓடுகிறது. கேஸ் செலவு, குளிர் ஏறக்குறைய ஒத்த வருடங்களை வைத்துப் பார்த்தால், எட்டில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. என் கணக்கை ஒட்டித்தான் வந்திருக்கிறது, விற்பனையாளர் சொன்ன பாதியை அல்ல. வாரண்டி ஏழு வருடம், ஆனால் வருடா வருடம் சர்வீஸ் செய்து ஏட்டில் பதிந்தால்தான் செல்லும். கருஞ்சேறு பிடிக்கக் காந்த வடிகட்டியும் பொருத்தச் சொன்னோம். முதல் சர்வீஸில் அதைத் திறந்தபோது பழைய ரேடியேட்டர்களின் துரு மை போலக் கொட்டியது.

இன்று மாற்றப்போகிறவர்கள், வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துத் தரும் ஹீட் பம்புக்கும் ஒரு மதிப்பீடு வாங்கிவிடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபரிலிருந்து அரசு மானியம் 7,500 பவுண்டு. ஆனால் மின்சார யூனிட் விலை கேஸைப்போல நாலு மடங்கு. கேஸ் பாய்லரிலும் பத்தில் ஒரு பங்கு வீணாவதால், ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட்டுக்குச் சற்று மேல் வெப்பம் தந்தால்தான் ஓட்டும் செலவு கேஸுக்குச் சமமாகும். அதற்கு ரேடியேட்டர்களும் பெரிதாக இருக்க வேண்டும், வெந்நீர்ச் சிலிண்டரும் வேண்டும். காம்பிக்காகச் சிலிண்டரைத் தூக்கியவர்கள் அதற்கு மறுபடியும் இடம் தேட வேண்டியிருக்கும். எங்களுடையது அலமாரியிலேயே இருக்கிறது. 2028இல் வாரண்டி முடியும்போது அந்தக் கணக்கையும் போடுவோம்.