நர்சரியில் வாங்கிய மூன்று ரோஜாச் செடிகளும் 52 நாள் காத்திருப்பும்

போன ஆடியில் மதுரை ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு நர்சரியில் மூன்று ரோஜாச் செடி வாங்கினேன். சிவப்பு ஒட்டு 150 ரூபாய், மஞ்சள் ஒட்டு 150, பன்னீர் ரோஜா 40. கூடவே பத்துக் கிலோ மண்கலவை ஒரு மூட்டை, 180. கடைப் பெயரைப் போடவில்லை. மஞ்சள் செடியின் கதையைப் படித்தால் ஏன் என்று தெரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இடம் விசாலம். பச்சை வலைக்கு அடியில் செடிகளைத் திணித்து வைக்காமல், நடந்து பார்க்க வழி விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் விலை எழுதித் தொங்குகிறது. பேரம் பேச வராத என்னைப் போன்றவர்களுக்கு அதுவே நிம்மதி.

உள்ளே போனதும் என் கண் பூத்து நின்ற செடிகள் மேல்தான் போனது. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த வயதான அண்ணன் ஒருவர், முதலாளி போன் பேச அந்தப் பக்கம் நகர்ந்த நேரம் பார்த்து, "பூவப் பாத்து எடுக்காதீங்கம்மா. அது ஓசூர்ல பூக்க வச்ச பூ. அடியப் பாருங்க" என்றார். காதலர் தினத்துக்குத் தாஜ்மகால் ரகச் சிவப்பு ரோஜாவை வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஊர் அது. அந்தக் குளுமையில் வளர்ந்த செடி நம் மொட்டைமாடிக்கு வந்தால் கொஞ்ச நாள் திணறத்தான் செய்யும். அடி என்று அவர் சொன்னது ஒட்டுக் கட்டிய இடத்தை, அதாவது ஒரு ரோஜாவின் தண்டோடு இன்னொன்றைச் சேர்த்துக் கட்டிய இடத்தை. தண்டு பென்சில் கனமாவது இருக்க வேண்டும், துளிர் அந்தக் கட்டுக்கு மேலேயிருந்து வந்திருக்க வேண்டும்.

சிவப்புச் செடி அவர் பொறுக்கிக் கொடுத்தது. மஞ்சள், நானே பூவைப் பார்த்து மயங்கி எடுத்தது. பன்னீர் ரோஜா, "நாப்பது ரூவாதானே, இதையும் போடுங்க" என்று கடைசியில் சேர்த்தது.

மண்கலவையை மட்டும் வாங்காதீர்கள். மூட்டையில் முக்கால்வாசி தென்னைநார்க் கழிவு. வேறு வழியில்லாமல் செம்மண்ணும் மக்கிய மாட்டு எருவும் ஆளுக்குப் பாதியாகச் சேர்த்து, கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டுக் கலந்தேன். ஒட்டுச் செடிகள் கல் மாதிரி இறுகிய களிமண் உருண்டையோடு வந்தன. வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, வேர் அறாமல் உருண்டையைத் தளர்த்தி நட்டேன். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு அண்ணன் சொன்னபடி இருந்த பூ, மொட்டு எல்லாவற்றையும் நறுக்கிக் கவாத்து செய்தேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "நாப்பத்தஞ்சு நாள்ல பூ வரும்மா" என்பது அவர் கணக்கு. தினசரி காலண்டரில் நாற்பத்தைந்து தாள் தள்ளி 'ரோஜா' என்று பேனாவால் எழுதி வைத்தேன். தாள் கிழிப்பது எங்கள் வீட்டுக்காரர் வேலை. அந்த நாள் காலையில் அடுப்படிக்கு வந்து, "ரோஜா யாரு? வீட்டுக்கு வாறாங்களா?" என்று கேட்டார். மாடியில் அன்றைக்கு ஒரு பூவும் இல்லை.

அதற்கு ஒரு வாரம் முன்பே சிவப்பில் ஒரு மொட்டு வந்திருந்தது. காபி டம்ளரோடு தினமும் அதன் எதிரில் போய் நிற்பேன். நாலாம் நாள் ஓரம் கருகி, விரியாமலே சுருண்டது. வெள்ளைத் தாளை அடியில் பிடித்து மொட்டைத் தட்டினால் நூல் துணுக்கு மாதிரி பூச்சிகள் ஊர்ந்தன. இலைப்பேன். மொட்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலங்களில் தெளித்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. இலைகளின் ஓரமும் கருகியதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று கார்ப்பரேஷன் தண்ணீரைப் பிடித்து ஊற்ற ஆரம்பித்தேன். இது கடைக்காரர் குற்றமில்லை.

மஞ்சள் செடிதான் எல்லோரையும் ஏமாற்றியது. மூன்றிலும் அதுதான் தளதளவென்று வளர்ந்தது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன். வளர்ந்ததே தவிர, மொட்டு கிடையாது. போனில் படம் எடுத்துக் கடைக்குப் போனேன். முதலாளி பார்த்துவிட்டு, "கைராசிம்மா, சிலருக்கு மஞ்சள் வராது" என்றார். அண்ணன் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "கட்டுக்குக் கீழருந்து கெளம்பிருக்கு. மேல இருந்தது செத்துருச்சும்மா."

ஒட்டுச் செடியில் வேர் ஒரு ரோஜாவுடையது, தலை இன்னொன்றுடையது. முரட்டு ரகத்தின் தண்டில், பூ ரகத்தின் கண் ஒன்றைச் சீவிச் செருகிக் கட்டுகிறார்கள். அந்தக் கண்ணிலிருந்து வந்தது பட்டுப்போனால் வேர்க்காரன் முளைத்துக்கொள்வான். ஒரு காம்பில் ஏழிலை இருந்தால் காட்டுச் செடி, ஐந்திலை என்றால் நல்ல செடி என்று சொல்வார்கள். அது எப்போதும் பொருந்தாது. எங்கிருந்து முளைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்காதது என் தப்பு. ஆனால் 150 ரூபாய் வாங்கிய மனுஷர் கைராசி என்று சொன்னதை மறக்க முடியவில்லை. மாற்றிக் கேட்டதற்குப் புதுச் செடியில் இருபது ரூபாய் குறைக்கிறேன் என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டின் முதல் ரோஜா, 52ஆம் நாள், நான் ஒழுங்காகத் தண்ணீர்கூட ஊற்றாத பன்னீரில் பூத்தது. முதலில் பார்த்தது துணி காயப்போட மாடிக்குப் போன அத்தை. வெளிர் ரோஸ், உள்ளங்கைக்குள் அடங்கும் பூ. வாசம் படிக்கட்டு வரைக்கும் வந்தது என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. கிட்டப் போனால் நிஜமாகவே அத்தர் வாசம். சாமிக்கு என்றார் அத்தை. தலைக்கு என்றாள் மகள். செடியிலேயே இருக்கட்டும் என்றேன் நான். பஞ்சாயத்து முடிவதற்குள் சாயங்காலம் இதழெல்லாம் கொட்டிவிட்டது.

அடுத்த வாரம் சிவப்பும் பூத்தது. ஐந்து நாள் வாடாமல் நின்றது, படம் பிடிக்க அழகு, வாசம் மட்டும் இல்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு அந்த அண்ணனுக்கு. அவர் காலை ஒன்பது மணிக்குள் போனால்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் எந்தச் செடியின் அடியையும் குனிந்து பார்க்க முடியாது.